“எழுதிட்டேன்” என்று டிஸ்க் சொன்னால்

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு போன். முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி. இப்போது ஒரு ஜவுளி மொத்த விற்பனைக் கடையின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவன் பொறுப்பு.

“அண்ணா, பில்லிங் சர்வர் மாத்தறோம்ங்ணா. மூணு கொட்டேஷன் வந்திருக்கு. எந்த டிஸ்க் போடறதுன்னு தெரியல.”

வாசிக்கச் சொன்னேன். முதலாவதில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5. இரண்டாவதில் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடும் என்விஎம்இ எஸ்எஸ்டி இரண்டு, ஒன்றுக்கு ஒன்று நகல். மூன்றாவதில் சர்வருக்கென்றே செய்த சாட்டா எஸ்எஸ்டி இரண்டு, அதுவும் நகல் முறைதான்.

“ரெண்டாவதுல விநாடிக்கு 7000 எம்பி படிக்கும்னு போட்டிருக்காங்க. மூணாவதுல வெறும் 550. ஆனா விலை மூணாவதுதான் ஜாஸ்தி. அப்புறம் எதுக்குங்ணா அது?”

நல்ல கேள்வி. பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. போனில் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். டேட்டாபேஸ் சர்வருக்கு டிஸ்க் வாங்கப் போகிற யாருக்கும் இது உதவும்.

சிட்டையும் பேரேடும்

கவுன்டரில் பில் போட்டு ‘சேவ்’ தட்டுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது? பழைய ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். அவரிடம் இரண்டு புத்தகம் இருக்கும். வியாபாரம் நடக்க நடக்க, நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவது சிட்டை. பிறகு உட்கார்ந்து, யார் பெயரில் எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பதிவது பேரேடு. சிட்டையில் ஏறிவிட்டால் கணக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். பேரேடு பிந்தினால் பாதகமில்லை. சிட்டையைப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

டேட்டாபேஸும் அப்படியே. ரைட்-அஹெட் லாக் என்பது சிட்டை. டேபிளும் இண்டெக்ஸும் இருக்கும் கோப்புகள் பேரேடு. கமிட் செய்யும்போது லாகில் கொஞ்சம் எழுதிவிட்டு, “இது டிஸ்க்கில் நிஜமாகவே இறங்கிவிட்டதா?” என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தை டேட்டாபேஸ் கேட்கும். இந்தக் கேள்விக்குப் பெயர் எஃப்சிங்க். “இறங்கிவிட்டது” என்று பதில் வரும்வரை கவுன்டரில் இருப்பவர் காத்திருக்கிறார். பதில் வந்ததும் பில் அச்சாகிறது. மாறிய பக்கங்கள் பிறகு செக்பாயின்ட் நேரத்தில் பின்னணியில் பேரேட்டுக்குப் போய்ச் சேரும். ஒரு பக்கம் போஸ்ட்கிரெஸில் 8 கிலோபைட், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் 16 கிலோபைட்.

ஆக, டிஸ்க்குக்கு இரண்டு விதமான வேலை. சிட்டை வேலை சின்னது, வரிசையானது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் வாசலில் நின்று காத்திருப்பார். பேரேட்டு வேலை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியது. கொட்டேஷனில் இருக்கும் 7000 எம்பி இந்த இரண்டில் எதையும் சொல்லவில்லை. பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படித்தால் வரும் வேகம் அது. பில்லிங் சர்வரில் அப்படி யாரும் படிப்பதில்லை.

சுழலும் தட்டின் கணக்கு

எஸ்எஸ்டி காலத்தில் ஹார்ட் டிஸ்க் எதற்கு என்று கேட்கலாம். மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு ஒன்று போதும் என்பதால் சொல்கிறேன்.

7200 ஆர்பிஎம் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய இடம் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி விநாடி ஆகும். அதற்கு முன் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக வேண்டும். அதற்கு 8 அல்லது 9 மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால் ஒரு சிதறிய படிப்புக்கு 12, 13 மில்லி விநாடி. விநாடிக்குச் சுமார் 80 படிப்பு. ஒவ்வொன்றும் 8 கிலோபைட் என்றால் விநாடிக்கு 640 கிலோபைட். வரிசையாகப் படித்தால் அதே டிஸ்க் விநாடிக்கு 150 எம்பிக்குக் குறையாமல் தரும். ஒரே டிஸ்க், இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். சர்வர்களில் போட்ட 15,000 ஆர்பிஎம் டிஸ்க்குகள்கூட இந்தச் சிதறிய வேலையில் விநாடிக்கு 180 பக்கமாகத்தான் நின்றன. கையும் தட்டும் நகர்ந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் வழியில்லை.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ஒரே ஒரு செஷன் கமிட் மேல் கமிட்டாகப் போடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் லாகின் அடுத்த இடம் தலைக்கு அடியில் வர ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். அப்படியானால் 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் விநாடிக்கு 120 கமிட்தான் உச்சம். போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற சின்னக் கருவியை ஓட்டினால் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அதை ஓட்டி, விநாடிக்கு நாலாயிரம், ஐயாயிரம் என்று வந்தால் என்ன சொல்வீர்கள்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் “பரவாயில்லையே, நல்ல டிஸ்க்” என்று நினைத்தேன். தட்டு விநாடிக்கு 120 முறைதான் சுற்றுகிறது என்றால் நாலாயிரம் எங்கிருந்து வரும்? தட்டில் எழுதாமலேயே “எழுதிட்டேன்” என்று சொன்னால்தான் வரும். டிஸ்க்குக்குள் இருக்கும் சின்ன மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் பிறகு எழுதிக்கொள்கிறது. மின்சாரம் இருக்கிறவரை யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிய வந்தது 2012இல். சென்னையைத் தாண்டிய மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாத வருஷம் அது. நான் பார்த்துக்கொண்ட ஒரு கடையில் யூபிஎஸ் பேட்டரி தேய்ந்து, ஒரு மாலை கரண்ட் போன கையோடு சர்வரும் போனது. திரும்பி வந்ததும் டேட்டாபேஸ் எந்தப் புகாரும் சொல்லாமல் எழுந்து நின்றது. ஆனால் கவுன்டரில் இருந்த அம்மா கையிலிருந்த பில் நகலைக் காட்டினார்கள். கடைசியாக அச்சான பில்லின் எண் 4829. டேட்டாபேஸுக்குத் தெரிந்த கடைசி எண் 4812. பதினேழு பேர் பணம் கொடுத்து, பில் வாங்கி, துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வந்ததே டேட்டாபேஸுக்குத் தெரியவில்லை.

அன்றிரவு அந்த நகல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். நகல் இருந்ததால் பிழைத்தோம். அந்த இரவுக்குப் பிறகு, ஒரு டிஸ்க் எவ்வளவு வேகம் என்பதற்கு முன்னால் அது சொல்வது மெய்யா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ரெய்டு 5க்கு ஏன் வேண்டாம் என்றேன்

1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து ரெய்டு என்ற பெயர் பரவியது. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து வேலை வாங்கலாம். ஒன்று போனாலும் தரவு போகாமல் காக்கலாம் என்பது அதன் சாரம்.

டேட்டாபேஸ்காரர்களுக்கு இதில் முக்கியமாக மூன்று வகை. ரெய்டு 10 என்றால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல், அந்த ஜோடிகளின் மேல் தரவைப் பட்டை பட்டையாகப் பிரித்து வைப்பது. ரெய்டு 5 என்றால் நகலுக்குப் பதில் பாரிட்டி என்ற சரிபார்ப்புத் தொகை. ஒரு டிஸ்க் போனால் மற்றவற்றையும் பாரிட்டியையும் வைத்து அதைக் கணக்குப் போட்டு மீட்கலாம். ரெய்டு 6 என்றால் இரண்டு பாரிட்டி. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்.

இதில் சிக்கல் எழுத்தில்தான். ரெய்டு 10இல் ஒரு பக்கத்தை மாற்ற இரண்டு எழுத்து போதும். இரண்டு நகலிலும் எழுதினால் முடிந்தது. ரெய்டு 5இல் பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியைப் படிக்க வேண்டும், புதிய பாரிட்டியைக் கணக்கிட்டு, தரவையும் பாரிட்டியையும் எழுத வேண்டும். ஒரு எழுத்துக்கு டிஸ்க் வேலை நான்கு. ரெய்டு 6இல் ஆறு.

எட்டு டிஸ்க்கை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒவ்வொன்றும் விநாடிக்கு 80 என்றால் மொத்தம் 640. படிப்புக்கு மூன்று வகையும் ஏறக்குறைய அந்த 640ஐத் தரும். சிதறிய எழுத்துக்கு ரெய்டு 10 தருவது 320, ரெய்டு 5 தருவது 160, ரெய்டு 6 தருவது 106. இடத்தைப் பார்த்தால் தலைகீழ். 4 டெராபைட் டிஸ்க் எட்டில் ரெய்டு 10 தருவது 16 டெராபைட், ரெய்டு 6 தருவது 24, ரெய்டு 5 தருவது 28. வாங்குகிறவர் கண்ணுக்கு 28தான் தெரியும். 160 தெரிவது மாதக் கடைசியில்.

ஒரு டிஸ்க் போய்விட்டால் ரெய்டு 5 இன்னும் திணறும். போன டிஸ்க்கில் இருந்த ஒரு பக்கத்தைப் படிக்க மீதமுள்ள எல்லா டிஸ்க்கையும் தொட வேண்டும். மாற்று டிஸ்க் போட்டதும் அத்தனையையும் அடிமுதல் முடிவரை படித்துத்தான் அது நிரம்பும். அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போயிற்று. ஆரக்கிளில் ஹுவான் லோயிசா, எல்லாவற்றையும் பட்டையாகப் பிரி, எல்லாவற்றுக்கும் நகல் வை என்ற கருத்தை முன்வைத்தார். இது கோப்பு, அது லாக் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து டிஸ்க் பங்கீடு செய்வதைவிட அந்த எளிய வழி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும்.

ரெய்டு 5, 6க்கு இடமே இல்லையா? இருக்கிறது. பேக்கப், பழைய ஆண்டுக் கணக்கு, இரவில் ஒரே மூச்சில் ஏற்றிப் பகலில் படிக்க மட்டும் செய்யும் ரிப்போர்ட் சர்வர். ஒரு பட்டை முழுவதையும் ஒன்றாக எழுதும்போது பழையதைப் படிக்கத் தேவையில்லை. நான்கு வேலைச் செலவு அங்கே வராது. பில்லிங் சர்வர் அந்த ரகம் அல்ல. அதனால் தம்பியின் முதல் கொட்டேஷனை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

பேட்டரி வைத்த கேஷ்

டிஸ்க்குக்குள் இருக்கும் மெமரி ஏமாற்றுகிறது என்றேன். அதே காரியத்தை நேர்மையாகவும் செய்யலாம். ரெய்டு கன்ட்ரோலர் கார்டில் மெமரியும் அதற்கு ஒரு பேட்டரியும் இருக்கும். எழுத்து அந்த மெமரிக்கு வந்ததும் “எழுதிட்டேன்” என்று கார்டு சொல்லும். அது பொய்யில்லை, கரண்ட் போனாலும் பேட்டரி அதைக் காத்து வைத்திருக்கும், திரும்ப வந்ததும் டிஸ்க்கில் இறக்கிவிடும். விநாடிக்கு 120 என்று முட்டி நின்ற கமிட், இந்தக் கார்டைப் போட்டதும் ஆயிரக்கணக்கில் போகும். எஸ்எஸ்டி வருவதற்கு முன் டேட்டாபேஸ் சர்வருக்கு நான் செலவு செய்யச் சொன்ன முதல் பொருள் இதுதான்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு நாள் காலையில் எல்லா ஸ்கிரீனும் மெதுவாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். குவெரி மாறவில்லை, தரவு மாறவில்லை, சிபியு சும்மா கிடந்தது. ஐயோஸ்டாட் ஓட்டினால் எழுத்துக் காத்திருப்பு மட்டும் பல மடங்கு ஏறியிருந்தது. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு கன்ட்ரோலரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பேட்டரி தேய்ந்துபோயிருந்தது. அதனால் கார்டு தானாகவே ரைட்-பேக் முறையை விட்டு ரைட்-த்ரூவுக்குப் போய்விட்டது. அதாவது, இனி காக்க முடியாது என்று தெரிந்ததும், டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்தக் கார்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது. வேகத்தை விட்டுவிட்டு வார்த்தையைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து கன்ட்ரோலர் பேட்டரியின் நிலையையும் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

7000க்கும் 550க்கும் நடுவில்

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது, நகரும் கை கிடையாது. சிதறிய படிப்புக்கு 12 மில்லி விநாடி ஆன இடத்தில் 100 மைக்ரோ விநாடி அளவில் முடிந்துவிடும். படிப்பைப் பொறுத்தவரை எந்த எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கைவிட மேல்.

எழுத்து வேறு. எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் சில்லில் ஒரு பக்கத்தை நேரடியாக அழித்து எழுத முடியாது. பல பக்கங்கள் கொண்ட பெரிய பிளாக்கை மொத்தமாக அழித்தால்தான் மறுபடி எழுத முடியும். அதனால் புதிதை வேறு இடத்தில் எழுதிவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளும். இடம் குறையக் குறைய, உயிரோடு இருக்கும் பக்கங்களை நகர்த்திப் பிளாக்குகளைக் காலி செய்ய வேண்டும். புதிதாக வாங்கி வந்த அன்று பறக்கும் எஸ்எஸ்டி, நிரம்பிய பிறகு தடுமாறுவது இதனால்தான்.

கமிட்டுக்கு வருவோம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான எஸ்எஸ்டியில் எழுத்து முதலில் உள்ளே இருக்கும் மெமரிக்குப் போகும். அந்த மெமரிக்குக் காவல் கிடையாது. கரண்ட் போனால் அதுவும் போகும். எஃப்சிங்க் வரும்போது நேர்மையான எஸ்எஸ்டியாக இருந்தால் மெமரியில் இருப்பதை ஃபிளாஷில் இறக்கி முடித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மில்லி விநாடியோ அதற்கு மேலோ ஆகலாம். 7000 எம்பி வேகம் இந்த இடத்தில் உதவாது.

சர்வருக்கான எஸ்எஸ்டியில் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கரண்ட் போன கணத்தில் அவற்றில் தேங்கியிருக்கும் மின்சாரம், மெமரியில் உள்ளதை ஃபிளாஷில் எழுதி முடிக்கிற அளவுக்குப் போதும். அதனால் எழுத்து மெமரிக்கு வந்த உடனேயே அது “எழுதிட்டேன்” என்று சொல்லலாம், சொன்னது மெய். பேட்டரி வைத்த கன்ட்ரோலர் செய்ததை எஸ்எஸ்டி தன் உள்ளேயே செய்துகொள்கிறது. ஆகவே 550 எம்பி சாட்டா டிஸ்க், கமிட் நடக்கும் வேகத்தில் 7000 எம்பி என்விஎம்இ டிஸ்க்கைத் தோற்கடிக்க முடியும். தம்பிக்கு விலை ஏன் அதிகம் என்று புரிந்த இடம் இது.

என்விஎம்இ என்ற பெயருக்கும் காவலுக்கும் சம்பந்தமில்லை. கெப்பாசிட்டர் வைத்த சர்வர் என்விஎம்இ டிஸ்க்குகளும் உண்டு. பட்ஜெட் இடம் கொடுத்தால் அவைதான் முதல் தேர்வு. பழைய சாட்டா வழியில் வேலைக்கு ஒரே வரிசை. அதில் 32 பேர் நிற்கலாம். 2011இல் வந்த என்விஎம்இ வழியில் 64 ஆயிரம் வரிசை வரை வைக்கலாம், ஒவ்வொன்றிலும் 64 ஆயிரம் பேர் நிற்கலாம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான செஷன் மோதும் இடத்தில் இது பெரிய விஷயம்.

அதே சமயம், “பத்து லட்சம் ஐயோப்ஸ்”, அதாவது விநாடிக்கு அத்தனை படிப்பு அல்லது எழுத்து, என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு வகுத்தல் போடுங்கள். ஒரு படிப்புக்கு 100 மைக்ரோ விநாடி என்றால், ஒன்று முடிந்து ஒன்றாகக் கேட்பவருக்கு விநாடிக்குப் பத்தாயிரம்தான் கிடைக்கும். பத்து லட்சம் வேண்டுமானால் எந்நேரமும் நூறு வேலை ஒன்றாக நிலுவையில் இருக்க வேண்டும். பழைய போஸ்ட்கிரெஸில் ஒரு செஷன் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் கேட்கும். 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18இல்தான் பல படிப்புகளை ஒன்றாகக் கேட்டு வைக்கும் அசின்க்ரனஸ் முறை வந்தது.

லாகைத் தனியாக வைக்க வேண்டுமா?

ஹார்ட் டிஸ்க் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்பேன். சிட்டை எழுதும் கை சிட்டையிலேயே இருந்தால் வேகம். பேரேட்டுக்கு ஓடி ஓடித் திரும்பினால் மந்தம். எஸ்எஸ்டியில் ஓடும் கை இல்லாததால் அந்த ஆதாயம் சுருங்கிவிட்டது. நான்கு எஸ்எஸ்டி இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரிப்பதைவிட நான்கையும் சேர்த்து ஒரே ரெய்டு 10 ஆக வைப்பதே பெரும்பாலும் நல்லது. எழுத்து மிக அதிகமான இடத்தில் பிரித்தும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி எஸ்எஸ்டி இரண்டை நகலாக வைத்தால் இரண்டிலும் ஒரே அளவு எழுத்து விழும், இரண்டும் ஒரே சமயத்தில் தேயும். வெவ்வேறு லாட்டில் வாங்குங்கள். தேய்மான அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வாடகை டிஸ்க்

கிளவுடில் இருப்பவர்களுக்கு டிஸ்க் கண்ணில் படாது. ஆனால் கணக்கு மாறாது. அமேசானின் இபிஎஸ் சேவையில் ஜிபி2 என்ற பழைய வகையை எடுத்துக்கொள்வோம். ஜிகாபைட்டுக்கு 3 ஐயோப்ஸ் என்பது அதன் விதி. 100 ஜிகாபைட் வாங்கினால் நிலையாகக் கிடைப்பது 300. ஆனால் கையில் 54 லட்சம் கிரெடிட்டோடு தொடங்கும். அது தீரும்வரை 3000 வரை ஓடலாம். விநாடிக்கு 2700 வீதம் கரைந்தால் 2000 விநாடியில், அதாவது 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இருபது நிமிடம் சோதித்தவர் 3000 என்று எழுதிக்கொள்வார். முழு நாளும் ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது 300. 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 வகையில் அளவு எதுவானாலும் 3000 ஐயோப்ஸும் விநாடிக்கு 125 எம்பியும் அடிப்படையாகவே கிடைக்கும். மேலே வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

இவை நெட்வொர்க் வழியே வரும் டிஸ்க்குகள். ஒரு கமிட்டுக்கு ஒரு மில்லி விநாடி ஆனாலும் ஒரு செஷனுக்கு விநாடிக்கு ஆயிரம்தான். ஐயோப்ஸை எவ்வளவு ஏற்றினாலும் இந்த எண் அசையாது. வேலையைப் பல செஷனாகப் பிரிப்பதோ, பல வரிகளை ஒரே டிரான்சாக்‌ஷனில் சேர்ப்பதோதான் வழி. மெஷினோடு ஒட்டி வரும் உள்ளூர் என்விஎம்இ வேகமானது. ஆனால் மெஷினை நிறுத்தினால் அதில் இருப்பது போய்விடும். நகல் சர்வர் இல்லாமல் அதில் கணக்கு வைக்காதீர்கள்.

டிஸ்க்குக்கு மேலேயும் பாருங்கள்

டிஸ்க் மெய் சொன்னாலும் நடுவில் இருப்பவர் மாற்றிச் சொல்லலாம். 2018இல் கிரெய்க் ரிங்கர் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர்கள் முன் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார். லினக்ஸில் எஃப்சிங்க் தோற்றால் ஒரு முறை பிழை வரும். அதே கோப்புக்கு மறுபடி கேட்டால் “எல்லாம் சரி” என்று பதில் வரும். ஆனால் எழுதாமல் போன பக்கங்கள் எழுதப்பட்டிருக்காது. மறுபடி கேட்டுச் சரி என்று வந்ததை போஸ்ட்கிரெஸ் பல ஆண்டுகளாக நம்பியிருந்தது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் ஒரு முறை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் தன்னை நிறுத்திக்கொண்டு சிட்டையிலிருந்து திரும்பக் கட்டுகிறது. அந்தத் திருத்தம் இல்லாத பழைய பதிப்பில் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து மாறுங்கள்.

அமைப்புகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸின் ரேண்டம்_பேஜ்_காஸ்ட் 4 என்று வரும், எஸ்எஸ்டியில் 1.1க்குப் பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் இண்டெக்ஸ் இருந்தும் டேபிள் முழுவதையும் படிக்கப் போகக்கூடும். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ரெக்கார்டு அளவு 128 கிலோபைட்டாக இருக்கும். 8 கிலோபைட் பக்கத்தை மாற்ற 128ஐத் திரும்ப எழுத நேரும். அதை 8 அல்லது 16 ஆக்கிவிடுங்கள்.

வேகம் போதவில்லை என்று எஃப்சிங்கையே அணைத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. கணக்கு வைக்கும் சர்வரில் ஒருநாளும் செய்யாதீர்கள். கரண்ட் போனால் கடைசிச் சில பில் மட்டும் போகாது, டேட்டாபேஸே குலையும். தவிர்க்க முடியாத இடத்தில் சின்க்ரனஸ்_கமிட்டை அணைக்கலாம். கரண்ட் போனால் கடைசி அரை விநாடி, ஒரு விநாடி அளவு கமிட்டுகள் போகக்கூடும். ஆனால் மீதி குலையாது. அதையும் டிரான்சாக்‌ஷன்வாரியாக அணைக்க முடியும். யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவுக்கு அணையுங்கள். பில்லுக்கு வேண்டாம்.

டிஸ்க்குக்குச் செலவழிக்கும் முன் மெமரியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் திரும்பத் தேவைப்படும் பக்கத்தை மெமரியில் வைப்பதுதான் சிக்கனம் என்று ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்சோலுவும் 1987இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விலைகள் மாறிவிட்டன, கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள்

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது அளந்து பார்க்கும் முறை. விற்பவரிடம் ஒரு வாரம் சோதனைக்குக் கேட்டு வாங்கு. முதலில் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் ஓட்டி, கமிட்டுக்கு எவ்வளவு நேரம் என்று பார். அடுத்து பிஜிபெஞ்ச் என்ற சோதனைக் கருவி. ஸ்கேல் 100க்குச் சுமார் ஒன்றரை ஜிகாபைட் வரும்; சர்வரில் 32 ஜிகாபைட் மெமரி இருந்தால் ஸ்கேல் 4000 வை, மெமரிக்குள் அடங்காத 60 ஜிகாபைட் கிடைக்கும். டிஸ்க்கை முக்கால் பங்கு நிரப்பிவிட்டுப் பல மணி நேரம் ஓட்டு. சராசரியைப் பார்க்காதே, நூறில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார். கவுன்டரில் காத்திருக்கும் ஆளுக்குத் தெரிவது அதுதான்.

அப்புறம் கடைசிச் சோதனை. பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டரை வை. சர்வரில் ஒவ்வொரு கமிட் முடிந்ததும் அதன் எண்ணை நெட்வொர்க் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும்படி சின்ன ஸ்கிரிப்ட் எழுது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்கு. பட்டனை அமுக்காதே, யூபிஎஸ்ஸையும் நடுவில் வைக்காதே. திரும்ப ஏற்றிப் பார். பக்கத்துக் கம்ப்யூட்டருக்குச் சொன்ன கடைசி எண் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த டிஸ்க் வேண்டாம்.

“கேபிளையேவாங்ணா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு முறை போதாது, பத்து முறை.

நேற்று மதியம் மறுபடி போன் வந்தது. மூன்றாவது கொட்டேஷனின் டிஸ்க்கில் பத்து முறை பிடுங்கியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்து எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். வாசிக்கச் சொன்னேன். வாசித்தான், ஒரு முறைகூட டேட்டாபேஸ் பின்தங்கவில்லை. சில முறை ஒரு எண் கூடுதலாகவே இருந்தது. கமிட் முடிந்து, நெட்வொர்க்கில் சொல்வதற்குள் கரண்ட் போயிருக்கிறது. அது சரிதான், சொல்லாததும் எழுதப்பட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

“ஒம்போதாவது தடவை புடுங்கறப்ப முதலாளி வந்துட்டாருங்ணா. என்ன தம்பி பண்றேன்னு கேட்டாரு. நோட்டைக் காமிச்சேன். ரெண்டு பக்கமும் விரல் வெச்சுப் பாத்துட்டு, கணக்கு ஒத்துப்போகுதே, வாங்கிருன்னுட்டாரு.”